பட்டியலில் இல்லாத இடம்

ஒரு பெரும் போர்க்கப்பலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கே வாழ்கின்றனர். எவர் எங்கே உறங்குவது, எந்தப் பொழுதில் காவல் நிற்பது, தீப்பற்றினால் எங்கே விரைவது, கப்பலைக் கைவிட நேர்ந்தால் எந்தப் படகை நாடுவது என்பன யாவும் முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு பட்டியலில் அடங்கும். அப்பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே உள்ள கட்டங்களுள் தலையாயது போர்நிலை. அபாய ஒலி எழுந்ததும் சமையற்காரர் முதல் தலைவர் வரை கையிலுள்ள வேலையை விட்டுத் தத்தம் போர்நிலைக்கு ஓடவேண்டும். ஓடுவதற்கும் முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையில், மேலேறுவோரும் முன்புறம் செல்வோரும் வலப்பக்க வழியையும், கீழிறங்குவோரும் பின்புறம் செல்வோரும் இடப்பக்க வழியையும் கொள்வர். குண்டு விழும்போது சிந்திக்கப் பொழுது இராது. ஆகவே சிந்திக்க வேண்டியவற்றை அமைதிக்காலத்திலேயே சிந்தித்துத் தாளில் எழுதிவிடுகின்றனர்.

அமைதிக்காலத்தின் சிந்தனை எத்தகையது என்பதுதான் கேள்வி. பீரங்கிக்கு இத்தனை பேர் என்ற கணக்கோடு, எவர் பீரங்கியைத் தொடலாம், எவர் தொடலாகாது என்னும் கணக்கும் அத்தாளில் சேர்ந்துகொண்டது. 1919-இல் அமெரிக்கக் கடற்படை கறுப்பினத்தவரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியது. 1930-களின் தொடக்கத்தில் அவர்களுக்கு மீண்டும் திறந்தது சமையற்கூடத்துக் கதவு ஒன்றே. அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுதல், படுக்கை விரித்தல், காலணி துடைத்தல், அழுக்குத்துணி சேகரித்தல் ஆகியவை அவர்களுக்குரிய பணிகளாயின. போர்க்காலத்தில் அவர்களுக்கும் ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது கீழ்த்தளத்தில் வெடிமருந்து எடுத்துக் கொடுக்கும் இடமாகவே இருக்கும்.

டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரருகே 1919-இல் உழவர் குடும்பத்தில் பிறந்த டோரிஸ் மில்லர் 1939-இல் இப்பணியில் சேர்ந்தார். 1940-இல் 'வெஸ்ட் வர்ஜீனியா' என்னும் போர்க்கப்பலுக்கு வந்தார். குத்துச்சண்டையில் அக்கப்பலின் பெருவீரர் அவரே. 1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை, பேர்ள் துறைமுகத்தில் அவர் காலையுணவு பரிமாறிவிட்டுத் துணி சேகரித்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குச் சற்று முன்னர் அபாய ஒலி எழுந்தது. பட்டியல் அவருக்குக் குறித்திருந்த இடம் கப்பலின் நடுப்பகுதியில் இருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான வெடிமருந்து அறை. அவர் அங்கே விரைந்தார். அந்த அறையை நீர்மூழ்கிக் குண்டு ஒன்று முன்னமே சிதைத்திருந்தது.

போர்நிலை அழிந்துவிட்டால் அடுத்து எங்கே செல்வது என்பதற்கு அவர் பெயருக்கு நேரே விடை இல்லை. அவர் மேல்தளத்துக்குத் திரும்பினார். உடல்வலிமை அறிந்த அதிகாரி ஒருவர், மேடையில் குண்டுச் சிதறல் பட்டுக் கிடந்த தலைவர் மெர்வின் பெனியனைத் தூக்க அவரை அழைத்துச் சென்றார். பெனியன் தம் இடத்தைவிட்டு அகல மறுத்து அங்கேயே உயிர் நீத்தார். பின்னர் லெப்டினன்ட் பிரெடரிக் வைட், ஆளின்றிக் கிடந்த இரு இயந்திரத் துப்பாக்கிகளுக்குக் குண்டுச்சரம் ஏற்ற உதவுமாறு மில்லரிடம் கூறினார். வைட் திரும்பிப் பார்த்தபோது மில்லர் ஒரு துப்பாக்கியைப் பற்றி வானை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தார். வைட்டே குண்டுச்சரம் ஏற்றலானார். அதிகாரி எடுத்துக் கொடுக்க, பரிமாறுபவர் சுட்டார். எந்தப் பட்டியலும் எழுதத் துணியாத வரிசை அது!

மில்லர் எந்தப் பயிற்சியும் இல்லாதவர் என்னும் வழக்குச் சற்றே மிகை. 1940 ஜூலையில் 'நெவாடா' கப்பலில் இயங்கிய துணைப் பீரங்கிப் பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டதுண்டு. ஆயினும் இயந்திரத் துப்பாக்கியில் அவருக்குப் பயிற்சி தரப்படவில்லை. பிறர் இயக்கக் கண்டதைக் கொண்டே தாம் இயக்கியதாக அவர் கூறினார். எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்று பிற்காலக் கதைகள் பலபடப் பேசும். விருதுக் குறிப்போ அவ்வாறு எதையும் சொல்லவில்லை.

அன்று அதே கப்பலில் தம் கட்டத்தைக் கடந்தவர் வேறொருவரும் உண்டு. லெப்டினன்ட் கிளாட் ரிக்கெட்ஸ் பீரங்கிகளின் குறிபார்க்கும் பிரிவைச் சேர்ந்தவர். கப்பல் இடப்புறம் சாயக் கண்டு, வலப்புற அறைகளில் நீர் புகச் செய்தார். அதனால் அருகிலிருந்த 'ஒக்லஹோமா' போலக் கவிழாமல், 'வெஸ்ட் வர்ஜீனியா' நிமிர்ந்தபடியே ஆழமற்ற தரையில் அமர்ந்தது. பின்னாளில் ரிக்கெட்ஸ் அட்மிரலாக உயர்ந்து கடற்படையின் துணைத் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். அவர் அதற்குத் தகுதியானவரே. மில்லரின் கணக்கு வேறுவிதமாக எழுதப்பட்டது.

முதலில் அவர் பெயரே வெளிவரவில்லை. பெயரில்லாத ஒரு கறுப்பின மாலுமியின் வீரம் என்றே செய்தி வந்தது. கறுப்பின மக்களின் இதழ்கள் விடாது கேட்ட பின், 1942 மார்ச்சில் பெயர் வெளியாயிற்று. மே 27 அன்று அட்மிரல் நிமிட்ஸ் 'எண்டர்பிரைஸ்' கப்பலின் தளத்தில் அவர் மார்பில் கடற்படைச் சிலுவையை அணிவித்தார். அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவ்வாண்டு ஜூன் முதல் பொதுப்பணிகளிலும் கறுப்பினத்தவரைச் சேர்க்கக் கடற்படை இசைந்தது. சுவரொட்டிகளில் மில்லரின் முகம் பிற இளைஞரை அழைத்தது. அவரோ பீரங்கிப் பிரிவுக்கு மாற்றப்படவில்லை. சமையற்பிரிவிலேயே படிப்படியாக உயர்த்தப்பட்டு மூன்றாம் தரச் சமையற்காரரானார்.

அந்தத் தரத்துடனேயே 'லிஸ்கம் பே' என்னும் சிறு விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றினார். 1943 நவம்பர் 24 விடியலில், கில்பர்ட் தீவுகளருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஏவிய குண்டு அக்கப்பலைத் தாக்கியது. கப்பலிலிருந்த வெடிகுண்டுக் கிடங்கு வெடித்தது. அரைமணிக்குள் கப்பல் மூழ்கிற்று. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மில்லரின் உடல் கிடைக்கவில்லை. ஓராண்டுக்குப் பின்னரே அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

1945-இல் சிகாகோவின் கறுப்பினக் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் தம் முதல் கவிதைத் தொகுதியில் மில்லரை நினைந்து எழுதிய கவிதையொன்றைச் சேர்த்தார். கவிதையில் பேசுபவன் வீரனே. விழாமேடையில் ஒருவரும் அவனிடம் கேட்டிராத வினாவை, தன்னை ஒதுக்கிய நாட்டுக்காக ஏன் சுட்டோம் என்பதை, அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். படைகளில் இனப்பாகுபாட்டை நீக்கும் ஆணையைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பிறப்பித்தது 1948 ஜூலை 26 அன்று. 2020 ஜனவரியில் புதிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு மில்லரின் பெயர் அறிவிக்கப்பட்டது. அதே வகைக் கப்பல்களில் முன்னைய இரண்டு, ஃபோர்டு, கென்னடி என்னும் குடியரசுத் தலைவர்களின் பெயர்களைத் தாங்கியவை.