களத்தில் ஏரிக்கு ஒரு பங்கு

அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. அரசுக்கு எவ்வளவு, குடியானவனுக்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்பே சில மரக்கால்கள் தனியே அளக்கப்படுகின்றன. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, நாவிதருக்கு, ஏரிக்கு. ஆம், ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு! செங்கல்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்த பொறியாளர் பர்னார்டின் பதிவுகளில் ஊர் வாரியாக இந்தப் பங்குகளைக் காணலாம்.

ஏரி பராமரிப்பு வழக்கமான குடிமராமத்து என்றால் கோடையில் ஊரே திரண்டு மண்வெட்டி தூக்கிய காட்சிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. கரையை உயர்த்துவது, வரத்து வாய்க்காலைத் தூர்வாருவது, மடையை அடைப்பது, வண்டலை வெட்டி வயலுக்கு வண்டியடிப்பது எல்லாம் நடந்தது உண்மை. ஆனால் அந்த உழைப்புக்குப் பின்னால் ஊரின் கையில் நெல் இருந்தது, யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் இருந்தது. இரவில் மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கும் களத்திலேயே கூலி கிடைத்தது. பல ஊர்களில் அந்த நீர்க்கட்டி சேரியிலிருந்து வந்தவர். ஏரியைக் காத்த அவருக்கு ஊர்க்கூட்டத்தில் சம இடம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

பிறகு ரயத்துவாரி வந்தது. அரசு ஊரை விட்டுவிட்டு ஒவ்வொரு பட்டாதாரரிடமும் தனித்தனியே பணமாக வரி கேட்டது. களத்தில் பிரிந்த பொதுப் பங்குகள் பலவும் அரசின் வருவாயில் கரைந்தன. நெல் போன பின்பும் குடிகளின் உழைப்பை மட்டும் அரசு எதிர்பார்த்தது. அது குறைந்ததும் 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. வழக்கப்படி தர வேண்டிய வேலையைச் செய்யாதவர் அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றது. குடிகள் சோம்பேறிகளானதால் ஏரிகள் தூர்ந்தன என்று பின்னாளில் சொன்னவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. பங்கைப் பறித்த பிறகு அபராதத்தால் ஏரி நிரம்புமா?

2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பழைய பெயரில், 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியது. பாசன விவசாயிகள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. ஆனால் ஏரிக்குரிய பங்கும் திரும்ப வேண்டாமா? ஏரிக்குள் பிடிக்கும் மீனின் குத்தகைப் பணம் அந்த ஏரிக் கரைக்கே திரும்புமா என்பதை ஒவ்வோர் ஊரும் கேட்டுப் பார்க்கட்டும்.