பாலாற்றங்கரைத் தோல் தொழில்: உயர்வும் விலையும்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் போன்ற ஊர்களின் புன்செய்க் காடுகளில் ஆவாரை மஞ்சளாய்ப் பூத்து நிற்பதை நாம் காண்கிறோம். அதன் பட்டையால் பதனிட்ட தோலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் வணிகர்கள் இத்தொழிலில் முன்னின்றனர். அவர்களது செல்வம் கல்விக்கும் பயன்பட்டது. உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை 1924இல் நிறுவிய காக்கா முஹம்மது உமர் ஒரு தோல் வணிகரே.

எனினும், நெடுங்காலம் நாம் அனுப்பியது பாதி பதனிட்ட தோலே. அதை மெருகேற்றிக் காலணியாக்கிப் பெரும் இலாபம் கண்டவர்கள் ஐரோப்பியர். இந்நிலையை மாற்ற 1973இல் நடுவணரசு அத்தகைய தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்தது. ஆலைகள் புதிய இயந்திரங்களை நாடின. சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்ப வழி காட்டியது. தொட்டிகளில் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல், சுழலும் பீப்பாய்களில் குரோமிய உப்பால் ஓரிரு நாளில் பதமாயிற்று. முழுத்தோலும் காலணியும் ஏற்றுமதியாயின.

கணக்கேட்டில் இது வளர்ச்சியே. ஆனால் அவ்வேட்டில் எழுதப்படாத செலவு ஒன்று இருந்தது. குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் பாலாற்றுப் படுகையில் இறங்கி, கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்து, ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இணையாத, தமக்கென ஏற்பாடும் செய்யாத ஆலைகள் இயங்க இயலாத நிலை பிறந்தது. ஆயினும் நீரில் கரைந்த உப்பு எளிதில் நீங்குவதில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் ஆற்றை மீட்கவும் ஆணையிட்டது.

1973இன் வரம்பும் 1996இன் தீர்ப்பும் வெளியிலிருந்து வந்த நெருக்கடிகளே. அவற்றுக்கு ஈடுகொடுத்த ஆலைகள் நிலைத்தன, இயலாதவை மூடின. ஒரு தொழிலின் திறனை விற்பனைத் தொகையால் மட்டும் அளப்பது எவ்வளவு குறையுடையது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

ஃபிக்ஹு நூல்கள் தோலைத் தூய்மையாக்கும் 'திபாகத்' பற்றி, தண்ணீரின் சட்டங்கள் இடம்பெறும் அதே தஹாரத் பாடத்தில்தான் பேசுகின்றன. தோலைத் தூய்மையாக்கும் முயற்சியில் தண்ணீரை அசுத்தமாக்கிவிட்டால், அத்தொழிலின் இலாபத்தை நாம் எந்தக் கணக்கில் வரவு வைப்பது?