காக்கையும் பனம்பழமும்: 1976 ஃப்ளூ தடுப்பூசித் திட்டத்தில் வதந்தியும் உண்மையும்

1976 அக்டோபர் இரண்டாம் வாரம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஒரே முகாமில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவருமே இதயநோயாளிகள். செய்தி பரவியதும் பல மாநிலங்கள் ஊசி போடுவதை நிறுத்தின. மக்களின் அச்சத்தைப் போக்க, அக்டோபர் 14 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன் சட்டைக் கையைச் சுருட்டி ஊசி போட்டுக்கொண்டார். விசாரணையில் அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை.

நவம்பர் பிற்பகுதியில் மினசோட்டா மாநிலத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குக் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் கண்டிருக்கிறது என்றது அது. கால்களில் தொடங்கும் தளர்ச்சி படிப்படியாக உடலின் மேற்பகுதிக்கு ஏறும் நோய் இது. இந்த முறை அச்சம் மெய்யானது. டிசம்பர் 16 அன்று திட்டமே நிறுத்தப்பட்டது.

வந்து சேர்ந்த நாளில் இவ்விரு செய்திகளுக்கும் இடையே என்ன வேறுபாடு இருந்தது? எதுவும் இல்லை என்பதே என் வாதத்தின் தொடக்கம். இரண்டிலும் நோயாளிகள் மெய்யானவர்கள். இரண்டிலும் ஊசி முன்னும் கேடு பின்னும் வந்தன. இரண்டையும் தெரிவித்தவர்கள் பொறுப்பான மனிதர்கள். ஆனாலும் ஒன்று பொய்யாகவும் மற்றொன்று மெய்யாகவும் முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வதந்தியை, அதைச் சொல்பவரின் தகுதியால் அடையாளம் காணலாம் என்ற பரவலான நம்பிக்கை இங்கே நிலைகுலைகிறது.

வதந்தி பற்றிய சமூக அறிவியல் ஆய்வுகள் இதற்கு முழு விடை தரவில்லை. ஆல்போர்ட், போஸ்ட்மன் இருவரும் 1947இல், செய்தியின் முக்கியத்துவமும் தெளிவின்மையும் சேரும் இடத்தில் வதந்தி செழிக்கிறது என்றார்கள். தமோட்சு ஷிபுடானி 1966இல் இன்னும் பரிவோடு பார்த்தார். நம்பத்தக்க செய்தி கிடைக்காதபோது மக்கள் கூடிப் பேசித் தாமே உருவாக்கிக்கொள்ளும் விளக்கமே வதந்தி என்பது அவர் நிலைப்பாடு. 1918 பெருந்தொற்றுக்கு இது அப்படியே பொருந்துகிறது. முதல் உலகப் போரில் ஈடுபட்ட நாடுகளில் செய்தித் தணிக்கை இருந்தது. நடுநிலை நாடான ஸ்பெயினின் பத்திரிகைகளோ மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ காய்ச்சலில் படுத்ததைக்கூட எழுதின. ஒளிக்காமல் சொன்ன நாட்டின் தலையில் ‘ஸ்பானிய ஃப்ளூ’ என்ற பெயர் வந்து விழுந்தது.

பிலடெல்பியாவில் நடந்தது அதைவிடக் கொடியது. கடற்படைத் தளத்தில் மாலுமிகள் ஏற்கெனவே காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தபோதும், 1918 செப்டம்பர் 28 அன்று போர்க் கடன் பத்திரங்களுக்கான ஊர்வலத்தை நகரச் சுகாதாரத் துறைத் தலைவர் வில்மர் க்ரூசன் தடுக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் தெருவில் கூடினார்கள். சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. ஆறு வாரங்களில் 12,000க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அஞ்ச வேண்டியதில்லை என்ற அதிகாரக் குரலும், கண்ணெதிரே அடுக்கப்பட்ட பிணப் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதபோது, கிருமியை ஜெர்மானியர் பரப்பினார்கள், பேயர் ஆஸ்பிரின் மாத்திரையில் அது கலந்திருக்கிறது என்ற பேச்சுகள் கிளம்பின. எப்படித் தெரியும் என்று சொல்லாமல், மறுக்க வழியும் விடாமல் அறிவிக்கப்பட்ட அந்த ‘அஞ்ச வேண்டாம்’ என்பதையும் நான் வதந்தி என்றே வகைப்படுத்துவேன். அரசு முத்திரை அதன் இயல்பை மாற்றிவிடவில்லை.

இதே அளவுகோலின்படி, அக்காலத்தில் அறிவியலாளர்கள் செய்த பெரும் பிழையை வதந்தி என்று சொல்ல மாட்டேன். ரிச்சர்டு ஃபைஃபர் 1892இல், ஃப்ளூவுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று அறிவித்திருந்தார். 1918இல் பல ஆய்வகங்கள் அதைத் தேடின. சில இடங்களில் கிடைத்தது, பல இடங்களில் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் அவர்கள் எழுதி வெளியிட்டார்கள். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸை 1933இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் பிரித்தெடுத்தபோது பழைய கருத்து வீழ்ந்தது. ஃபைஃபரின் கூற்று தவறுதான். ஆனால் அதைச் சோதிக்கும் வழியும் அதோடு சேர்ந்தே வந்தது.

1976க்கு வரும்போது ஷிபுடானியின் விளக்கம் போதாமல் போகிறது. அங்கே தணிக்கை இல்லை. செய்திப் பஞ்சம் இல்லை. ஊசிக்குப் பின் இறந்தோரின் எண்ணிக்கை நாள்தோறும் ஊடகங்களில் வந்தது. மௌனத்திலிருந்து பிறக்கவேண்டிய வதந்தி, எண்களின் மிகுதியிலிருந்து பிறந்தது. காரணம், வந்த எண்களெல்லாம் பின்னத்தின் தொகுதி மட்டுமே. பகுதியை யாரும் எழுதவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் தற்செயலுக்கு உவமையாகச் சொல்கிறோம். வடமொழித் தருக்கம் இதைக் காகதாலீய நியாயம் என்கிறது. ஆனால் அந்த உவமைக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: காக்கைதான் தள்ளிவிடவில்லை என்று எப்படித் தெரியும்? பழத்தையோ காக்கையையோ உற்றுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. காக்கை உட்காராத மரங்களில் எத்தனை பழம் விழுகிறது என்று எண்ண வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்கு நால்வர் இயல்பாகவே இறக்கும் வயதினர் ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,000 மரணம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 11. அவர்களுக்கு ஊசியில் வெறும் தண்ணீரை ஏற்றிப் போட்டிருந்தாலும் அடுத்த ஒரு நாளுக்குள் அத்தனை பேர் இறந்திருப்பார்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள் முகாமுக்கு வரமாட்டார்கள் என்பதால் எண்ணிக்கை சற்றுக் குறையலாம். இல்லாமல் போகாது. நாடெங்கும் நடந்த முகாம்களில் எங்கோ ஓரிடத்தில் மூன்று பழங்கள் சேர்ந்து விழுவதும் வியப்பல்ல.

இதே எண்ணும் முறைதான் கில்லன்-பாரே விஷயத்தில் எதிர்விடை தந்தது. ஊசி இல்லாமலேயே ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரக்கூடிய நோய் அது. நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டிருந்த நிலையில், சிலருக்கு அது வந்தது என்பது மட்டும் எதையும் நிறுவாது. ஆகவே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் நாடு முழுதும் நோயாளிகளைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். அக்டோபர் முதல் ஜனவரி முடிய அகப்பட்ட சுமார் 1,100 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊசி போட்டவர்கள். அதைவிட முக்கியம், அவர்களுக்கு நோய் தொடங்கிய நாட்கள் சிதறிக் கிடக்கவில்லை, ஊசிக்குப் பின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் குவிந்திருந்தன. தற்செயலுக்கு இப்படியொரு காலவடிவம் வராது. ஊசியால் கூடிய ஆபத்து, லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் என்று கணிக்கப்பட்டது.

ஊசி போட்டவர்களிடம் மருத்துவர்கள் இந்த நோயைக் கூடுதல் கவனத்தோடு தேடியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான ஐயம். அலெக்சாண்டர் லாங்மியூரும் உடனாய்வாளர்களும் 1984இல் தரவுகளை மீண்டும் பிரித்துப் பார்த்தார்கள். ஆபத்தின் அளவு குறித்துத் திருத்தம் சொன்னாலும், ஊசிக்கு அடுத்த ஆறு வாரங்களில் நோய் கூடியது என்ற முடிவு நின்றது.

அக்டோபரில் மறுத்தவர்கள் டிசம்பரில் ஒப்புக்கொண்டார்கள் என்று பொதுமக்கள் சினந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். இரண்டு முறையும் பயன்பட்டது ஒரே கணக்கு என்பது அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. குற்றம் இன்னும் முன்னதாகவே தொடங்கியது. நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் படைமுகாமில் அவ்வாண்டுத் தொடக்கத்தில் புதுவகை வைரஸ் கண்டறியப்பட்டது. ஒரு வீரர் இறந்தார். சுமார் 230 பேருக்குத் தொற்றியது. முகாமுக்கு வெளியே அது பரவவில்லை. 1918 வைரஸோடு அதற்கு உறவு இருந்ததால் நாட்டு மக்கள் அனைவருக்கும் ஊசி என்று மார்ச் 24 அன்று ஃபோர்டு அறிவித்தார். பெருந்தொற்று வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு வல்லுநர்கள் எண் ஒன்றைச் சொல்லவில்லை. வரலாம் என்பது மக்கள் காதில் வரும் என்றே விழுந்தது. நியூஸ்டாட், ஃபைன்பர்க் இருவரும் 1978இல் எழுதிய ஆய்வு இந்த மிகை உறுதியைத்தான் முதன்மையாகச் சாடுகிறது. ஊசி தொடங்குமுன்பே, இத்தனை முதியவர்களுக்குப் போடும்போது இத்தனை மரணங்கள் எப்படியும் நேரும் என்று ஊரறியச் சொல்லியிருந்தால் பிட்ஸ்பர்க் செய்தி வேறாகக் கேட்டிருக்கும்.

இந்தக் கணக்கு முறைக்கு ஒரு முன்தேவை உண்டு: பதிவேடு. 1918இல் இந்தியாவில் அது எந்த நிலையில் இருந்தது? சென்னை மாகாணக் கிராமங்களில் பிறப்பு இறப்புகளைக் கிராம அதிகாரிகள் பதிந்துவந்தார்கள். மாகாணங்கள் பலவற்றிலும் ஃப்ளூ மரணங்கள் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ என்ற பொதுத் தலைப்பின்கீழ் போய்ச் சேர்ந்தன. பதிபவரே நோயில் விழுந்த ஊர்களில் அதுவும் இல்லை. நாட்டில் இறந்தோர் 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. இடையில் நிற்பது அறுபது லட்சம் பேர்.