கூடிப் பாடியவர்களும் கூடி உசாவியவர்களும்

பாடுவோர் சிலர், கேட்போர் பலர் என்பது கச்சேரியின் நியதி. வழிபாட்டில் அந்த நியதிக்கு இடமில்லை. ஆயினும் நகரத்துப் பேராலயமானாலும், நெட்டப்பாக்கம் போன்ற சிற்றூர்ப் பக்கத்துச் சிறு கோவிலானாலும், ஒலிபெருக்கி வந்தபின் நாம் காண்பது என்ன? பாட்டெண்ணை அறிவிக்கிறார்கள், மக்கள் புத்தகத்தைப் புரட்டி அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் பாடகர் குழு முதல் சரணத்தை முடித்துவிடுகிறது. பாடியவர்களுள் எத்தனை பேர் அப்பாட்டின் பொருளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியிருப்பர் என்று கேட்டால், விடை சொல்லத் தயக்கமாகவே இருக்கும்.

இக்கேள்வியை மனத்திற் கொண்டு, நம் பிரிந்த சகோதரர்களுள் ஒரு சாராராகிய மெதடிஸ்தரின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் தகும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சகோதரர்களான ஜான் வெஸ்லியும் சார்லஸ் வெஸ்லியும் தொடங்கிய இயக்கம் அது. சார்லஸ் இயற்றிய பாடல்கள் 6,000-க்கும் மேற்பட்டவை. அந்த எண்ணிக்கையைவிட வியப்புக்குரியது அப்பாடல்கள் பாடப்பட்ட இடம். அது பெரும்பாலும் ஆலயமன்று. பன்னிரண்டு பேர் கூடிய ஓர் அறை.

அந்த அறையின் கதை கடனில் தொடங்குகிறது. 1742-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில், தாங்கள் கட்டிய கூட்டமனையின் கடனை எப்படி அடைப்பது என்று அவர்கள் ஆலோசித்தனர். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஃபாய் என்னும் கப்பல் தலைவர். ஏழைகளால் அதுவும் இயலாதே என்று ஒருவர் சொல்ல, பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விட்டால் வாரந்தோறும் அவர்களைத் தாமே சந்தித்து, குறைவதைத் தம் கையிலிருந்து இடுவதாக அவர் கூறினார். மற்றவர்களும் அவ்வாறே பொறுப்பேற்றனர். பென்னி வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள் அங்கே வாழ்க்கையைக் கண்டார்கள். குடிப்பழக்கத்தை, சண்டையை, மனச்சோர்வைக் கண்டார்கள். நாளடைவில் வீடு வீடாகச் செல்வது கடினமாகிவிடவே, பன்னிருவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினர். இதுவே மெதடிஸ்தரின் 'வகுப்பு'. தலைவர் குருவல்லர், தச்சராகவோ கடைக்காரராகவோ இருக்கலாம். பெண்களும் வகுப்புத் தலைவர்களாயினர்.

பாட்டு, செபம், பின்பு ஒவ்வொருவரிடமும் அவ்வாரத்தில் அவரது ஆன்மா எவ்வாறிருந்தது என்னும் வினா, மீண்டும் பாட்டு. இதுவே அதன் நடைமுறை. பாட்டை ஆராய்வது வகுப்பின் நோக்கமன்று. வாழ்வை ஆராய்வதே நோக்கம். ஆனால் அந்த ஆராய்ச்சிக்குச் சொல் தந்தது பாட்டு. தன் துயரத்தைத் தன் மொழியில் சொல்லத் தெரியாத சுரங்கத் தொழிலாளி, மனப்பாடமான ஒரு சரணத்தைப் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கினான். இதை ஜான் வெஸ்லி நன்கறிந்திருந்தார். அவர் 1780-இல் தொகுத்து வெளியிட்ட 525 பாடல்கள் திருவழிபாட்டு ஆண்டின் வரிசையில் அமையாமல், ஆன்மா விழிப்பது, வருந்துவது, போராடுவது, மகிழ்வது என்று விசுவாசியின் அனுபவ வரிசையில் அமைந்தன. அவர் 1761-இல் வகுத்த பாடல் விதிகளும் சுவையானவை. எல்லோரும் பாடுக, தூங்கி வழிந்து பாடாதீர், ஆனால் உம் குரல் தனித்துக் கேட்குமாறும் கத்தாதீர், ஒவ்வொரு சொல்லிலும் இறைவனை நினைமின் என்பன அவற்றின் சாரம். நம் பாடகர் குழுக்களில் ஒலிவாங்கியை விட்டுப் பிரியாத சில நண்பர்களுக்கு இவ்விதிகளை வாசித்துக் காட்டலாம்.

மெதடிஸ்த மிஷனரிமார் 1814-இல் இலங்கையில் வந்திறங்கினர். அவர்களுள் லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணம் சென்றனர். 1817-இல் லிஞ்ச் சென்னைக்கு வந்தார். பின்னர் நாகப்பட்டினம், மன்னார்குடி முதலிய ஊர்களிலும் அவர்கள் பணி வேரூன்றியது. இங்கேதான் பாட்டுக்குச் சோதனை வந்தது. ஆங்கிலச் செய்யுள் அசையழுத்தத்தால் நடப்பது. தமிழ்ச் செய்யுள் குறில் நெடில் அளவால் நடப்பது. ஆங்கில மெட்டை மாற்றாமல் தமிழ்ச் சொற்களை அதில் நிரப்பினால், நீள வேண்டிய நெடில் குறுகுகிறது, குறில் இழுபடுகிறது. சொல்லின் பொருள் காதில் விழுவதற்குள் உருமாறிவிடுகிறது. கேட்டவுடன் விளங்காத பாட்டைப் பற்றி வகுப்பில் என்ன பேச முடியும்? ஆங்கிலத்தில் ஏழையின் வாயைத் திறந்த பாட்டு, தமிழில் அவன் வாயை அடைத்துவிடும் அபாயம் இருந்தது.

இதற்கு விடை மிஷனரிமாரிடமிருந்து வரவில்லை. தஞ்சையிலிருந்த ஒரு தமிழ்ப் புலவரிடமிருந்து வந்தது. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், கத்தோலிக்க மறையைத் தழுவிய தேவசகாயம் பிள்ளையின் மைந்தர் என்பதை நம்மில் பலர் அறியார். இளமையில் ஷ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சை சென்று லுத்தரன் சபையில் வளர்ந்தார். சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அவருடைய கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் மண்ணின் வடிவில் அமைந்தவை. இவ்வடிவத்தின் நன்மை எளிது: சரணத்தைத் தெரிந்தவர் பாடுவார், பல்லவியை எழுத்தறியாப் பாட்டியும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்து பாடிவிடுவாள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின், அவை சபை வேற்றுமையின்றிப் பரவின.

ஆயினும் சாஸ்திரியாரின் வரலாற்றில் நெருடலான ஒரு பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மையாகாது. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமாரை எதிர்த்து அவர் 1829-இல் முறையீடுகள் எழுதினார். பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், விழாக்களில் பூவை விலக்குகிறார்கள், வழிபாட்டில் தமிழ் இசையைத் தடுக்கிறார்கள் என்பன அவருடைய குறைகள். இம்மூன்றிலும் நம் நெஞ்சம் அவர் பக்கமே சாயும். நான்காவது குறையோ, வெள்ளாளரையும் தாழ்த்தப்பட்டோரையும் ஆலயத்தில் ஒன்றாக அமரச் செய்கிறார்கள் என்பது! எல்லோரும் சேர்ந்து பாடத்தக்க பாட்டைத் தந்தவர், எல்லோரும் சேர்ந்து அமர்வதை எதிர்த்தார். மிஷனரிமாரோ ஒன்றாக அமரச் சொன்னார்கள். ஆனால் அமர்ந்தவர்கள் தம் சொந்த இசையில் பாடுவதை விரும்பவில்லை. ஒவ்வொரு தரப்பாரிடமும் உண்மையின் ஒரு பாதிதான் இருந்தது.

நாம் இதைக் கண்டு பெருமூச்சு விட்டு நகர்ந்துவிட இயலாது. புதுச்சேரியில் சம்பா கோவில் என்று மக்கள் வழங்கும் ஆலயத்தில், தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து வைத்த சுவர் 1745-இல் அகற்றப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்துத் திரண்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வடக்கன்குளத்துக் கோவிலின் பிரிவினைச் சுவர் 1910-இல்தான் இடிந்தது. சுவரின் இருபுறமும் நின்றவர்கள் ஒரே செபத்தைச் சொன்னார்கள். ஒரே பாட்டையும் பாடியிருப்பார்கள். ஒலி சுவரைத் தாண்டும். ஆனால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்து, "இந்த வாரம் எப்படி இருந்தாய்?" என்று கேட்பதற்குச் சுவர் இருக்கலாகாது. பாடுவதைவிடப் பேசுவது கடினமாயிருந்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கத்தோலிக்கரிடையே தமிழ்க் கீர்த்தனைக்குப் பஞ்சமில்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1878-இல் வெளியிட்ட 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிப்பதை அறிவோம். 1963 டிசம்பர் 4-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, மக்கள் தம் குரலால் பாடுவதைப் பேணவும், அந்தந்த நாட்டு இசை மரபை மதிக்கவும் பணித்தது. அதன்பின் பாடல்கள் பெருகின. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த மெதடிஸ்தரும் கீர்த்தனையைக் கைவிடவில்லை. விசுவாசத்தால் நேர்மையாளராதல் பற்றி 1999-இல் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் கையொப்பமிட்ட கூட்டறிக்கையில் உலக மெதடிஸ்தப் பேரவையும் 2006-இல் இணைந்தது. ஒரு காலத்தில் ஒருவர் பாட்டை மற்றவர் பாடவும் அஞ்சிய சபைகள் இவை!

மெதடிஸ்தரிடமே வகுப்பு நிலைக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் வருத்தமான பகுதி. 19-ஆம் நூற்றாண்டிலேயே அது தேயத் தொடங்கியது, மனம் திறந்து பேசக் கூச்சம் வந்தது, வினா சடங்காயிற்று. பாட்டுப் புத்தகம் தடித்தது. பன்னிருவர் அமர்ந்த அறை வெறுமையாயிற்று. பாட்டுக்குப் பயிற்சி போதும், பேச்சுக்கு ஒருவரையொருவர் நம்பும் துணிவு வேண்டும்.

நம் பங்குகளில் அன்பியங்கள் கூடுகின்றன. மறைநூல் வாசிக்கப்படுகிறது, அதைப் பற்றிப் பகிர்வு நடக்கிறது. தொடக்கப் பாடலோ, ஆட்கள் வந்து சேரும்வரை நேரத்தை நிரப்பும் பாடலாகவே பெரும்பாலும் இருந்துவிடுகிறது. அந்தப் பாட்டை முதலில் யார் பாடியிருப்பார், யாரிடம் பாடுகிறார், மறைநூலின் எப்பகுதி அதில் ஒளிந்திருக்கிறது, 'அடியேன்' என்று வரும் இடத்தில் என் பெயரை வைத்தால் அது உண்மையாகுமா என்று கேட்கப் பத்து நிமிடம் போதும். கேட்கப்படுபவர் கூலி வேலை முடித்து அப்போதுதான் வந்து ஓரமாக அமர்ந்த அம்மாவாகவும் இருக்கலாம். பாட்டின் பல்லவி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.