உறுப்பசைவுக் கணினி மாதிரி

மூச்சு, இதயத்துடிப்பு, குடலசைவு ஆகியவற்றால் உடலுக்குள் உறுப்புகள் இடம்பெயர்வதைக் கணித வடிவில் காட்டும் முறை. கதிர்வீச்சுச் சிகிச்சையில் இதன் தேவை மிகப் பெரிது. உதரவிதானத்தை ஒட்டிய நுரையீரல் கட்டி ஒரே மூச்சில் 1 முதல் 2 செ.மீ. வரை நகரக்கூடும். அசையாத படத்தை நம்பிக் கதிரைச் செலுத்தினால் கட்டியின் ஓரம் தப்பும், நல்ல திசு காயப்படும். அதற்கு அஞ்சி இலக்கைச் சுற்றி அகன்ற விளிம்பு விடுவது பழைய வழக்கம். அந்த விளிம்பைக் குறைக்க மாதிரி உதவுகிறது.

மாதிரியை உருவாக்க, நாற்பரிமாண சி.டி. ஸ்கேன் ஒரு மூச்சுச் சுழற்சியைப் பெரும்பாலும் 10 கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தில் இருந்த புள்ளி அடுத்ததில் எங்கே போயிற்று என்பதைக் கணினி தேடிப் பொருத்துகிறது. கடினமான இடம் இதுதான்: மூச்சை இழுக்கையில் கட்டி சென்ற தடத்திலேயே, விடுகையில் திரும்புவதில்லை, ஒரே நோயாளியின் மூச்சும் நாளுக்கு நாள் மாறும். ஆகவே சைபர்நைஃப் போன்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவிகள் மார்பின்மேல் உள்ள ஒளிக்குறிகளைக் கேமராவால் தொடர்ந்து, உள்ளே கட்டி இருக்குமிடத்தைக் கணித்து, இடையிடையே எக்ஸ்-கதிர்ப் படங்களால் மாதிரியைத் திருத்திக்கொள்கின்றன.

இத்தகைய மாதிரிகளைச் சோதிக்க உதவுவது, பால் செகர்ஸ் குழுவினர் 2010இல் விவரித்த எக்ஸ்கேட் என்னும், மூச்சுவிடும், இதயம் துடிக்கும் கணினி உடல். அதில் ஒவ்வோர் உறுப்பின் உண்மை நிலையும் முன்பே தெரியும். ஆகவே மாதிரியின் கணக்கீட்டுப் பிழையை நேரடியாக அளக்கலாம். உயிருள்ள நோயாளியிடம் கிட்டாத வாய்ப்பு அது.