டெர்மினல் எமுலேட்டர் மேக்ரோக்களை வெளி நிரலிலிருந்து இயக்குதல்

முனையத்தின் முன் அமர்ந்து ஒருவர் தட்டும் விசைகளை வரிசையாக எழுதிவைத்துத் தானாக ஓடவிடும் சிறு நிரலே டெர்மினல் எமுலேட்டர் மேக்ரோ. எமுலேட்டருக்கு வெளியே ஓடும் இன்னொரு நிரல் அதைத் தொடங்கிவைத்து, திரையில் வரும் விடையை வாங்கிக்கொள்வது இம்முறை. விசையை அனுப்புவதில் சிரமம் இல்லை. அடுத்த விசையை எப்போது அனுப்பலாம் என்று அறிவதுதான் ஆரம்பம் முதல் இன்றுவரை பெரும்பாடு.

1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் உருவாக்கிய யூயூசிபி என்ற கோப்புப் பரிமாற்ற நிரல், தொலைபேசி வழியே மறுகணினியில் நுழைய "இது வந்தால் இதை அனுப்பு" என்ற இணைகளைப் பயன்படுத்தியது. 'லாகின்' என்று காத்திருக்கும்போது அதன் முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் தேடுவார்கள். அந்த எழுத்து பெரியதாக வரலாம், சிறியதாகவும் வரலாம்.

ஐபிஎம் 1971இல் கொண்டுவந்த 3270 முனைய வரிசையின் போக்கு வேறு. எழுத்து எழுத்தாக எதுவும் போகாது. கட்டங்களை நிரப்பி என்டர் தட்டினால்தான் மெயின்ஃபிரேமுக்குப் போகும். பதில் வரும்வரை விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். 1980களில் டிசிஏ நிறுவனத்தின் இர்மா அட்டை போன்றவை பிசியையே 3270 முனையமாக்கின. பிசி நிரல்கள் அந்தத் திரையைத் தொட ஐபிஎம் எச்எல்எல்ஏபிஐ என்ற இடைமுகத்தைத் தந்தது. ஒரே ஒரு சார்பு, நான்கு அளபுருக்கள்: பணி எண், தரவு, நீளம், விளைவுக் குறியீடு. 1 இணைக்கும், 3 விசை அனுப்பும், 4 பூட்டு திறக்கக் காத்திருக்கும், 6 திரையில் தேடும், 8 படித்துத் தரும். இவ்வளவு சிக்கனமான வடிவமைப்பு இத்தனை காலம் நிலைத்தது வியப்புக்குரியது. ஆனால் திரை முழுதாக வந்துசேரும் முன்பே மெயின்ஃபிரேம் பூட்டைத் திறந்துவிடுவதும் உண்டு. ஆகவே 4ஐ மட்டும் நம்பாமல், எதிர்பார்க்கும் சொல்லை 6 கொண்டு தேடிப் பார்த்த பிறகே அனுபவசாலிகள் மேலே போவார்கள்.

யூனிக்ஸ் பக்கம் 1990இல் டான் லைப்ஸ் எழுதிய எக்ஸ்பெக்ட், யூயூசிபியின் இணைகளை முழு மொழியாகவே வளர்த்தது. விண்டோஸில் தகாஷி தெரனிஷியின் டெரா டெர்ம், மேக்ரோ இயக்கியைத் தனி நிரலாகவே பிரித்துவைத்தது. எமுலேட்டரும் இயக்கியும், விண்டோஸ் நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் டிடிஇ வழியே பேசிக்கொண்டன. ஐபிஎம் பர்சனல் கம்யூனிகேஷன்ஸ் எமுலேட்டரில் ஸ்டார்ட்மேக்ரோ என்ற கட்டளை, பெயர் சொன்னால் மேக்ரோவை ஓட்டும். எக்ஸ்3270 எமுலேட்டர் குடும்பத்தின் எஸ்3270க்குத் திரையே கிடையாது. ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு ஒரு நிலைவரி தருகிறது. அதன் முதல் எழுத்து, விசைப்பலகை திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று சொல்லிவிடும்.

அலுவலகப் பணிகளை மனிதருக்குப் பதிலாகத் தானாகச் செய்யும் இன்றைய ஆர்பிஏ கருவிகள் பலவும் மெயின்ஃபிரேமை அடைய எச்எல்எல்ஏபிஐயின் விரிவாக்கத்தைப் பயன்படுத்துகின்றன. 24 வரி, 80 பத்தி கொண்ட திரையில் 1 முதல் 1,920 வரை எண்ணிட்ட இடங்களிலிருந்தே அவை படிக்கின்றன. மெயின்ஃபிரேம் பக்கம் யாராவது ஒரு வரியைக் கூட்டினால் நிரல் பக்கத்துக் கட்டத்தின் தொகையைப் படித்துவிடும். அப்போதும் விளைவுக் குறியீடு 0, அதாவது வெற்றி. எனவே தொகையைப் படிக்கும் முன், அதன் இடப்புறமுள்ள தலைப்பையும் படித்து ஒப்பிடும்படி நிரலை எழுத வேண்டும்.