சிம்பன்ஸிக்கு வந்த ஜலதோஷம்!

'ஜலதோஷம்தானே... தானா சரியாயிடும்!' என்று அலட்சியமாகச் சொல்கிறவரா நீங்கள்? குறைமாதக் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று தெரிய, கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1956. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிலையத்து சிம்பன்ஸிகளுக்குச் சளி, தும்மல். அவற்றிடமிருந்து புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்து, சிம்பன்ஸியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மறுவருஷமே ராபர்ட் சானக் என்ற டாக்டர், பால்டிமோரில் சுவாச நோயால் அவதிப்பட்ட குழந்தைகளிடமும் அதைக் கண்டுபிடித்தார். பழி சுமந்தது சிம்பன்ஸி, கிருமியோ நம்முடையது! 'ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்' - சுருக்கமாக, ஆர்.எஸ்.வி.

பெரியவர்களை அது பெரும்பாலும் மூக்கொழுகலோடு விட்டுவிடும். குறைமாதக் குழந்தையை அப்படி விடாது. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. அவசரப்பட்டுப் பிறந்த குழந்தை, அந்தச் சீதனத்தை முழுசாக வாங்கிக்கொள்ளாமலே வந்துவிடுகிறது! மூச்சுக்குழாயும் மிகச் சிறியது. லேசாக வீங்கினாலே அடைப்புதான்.

தடுப்பூசி போட்டிருக்கலாமே என்கிறீர்களா? 1966-ல் பரிசோதித்தார்கள். விபரீதம்! ஊசி போட்ட பிறகு ஆர்.எஸ்.வி. தொற்றிய குழந்தைகளில் 80 சதவிகிதம் பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தே போயின. அந்த அடியில் ஆராய்ச்சி பல்லாண்டுகள் பின்தங்கியது. 1998-ல் குறைமாதக் குழந்தைகளுக்காக மாதாமாதம் போடும் எதிர்ப்புப் பொருள் ஊசி வந்தது. வைரஸின் சரியான 'முகம்' பிடிபட்டது 2013-ல்தான். அதை வைத்து உருவான, கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே அதைப் போடுவது 32-வது வாரத்துக்குப் பிறகு. அதற்கும் முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு? நேரடியாக அதற்கே போட, புதிய எதிர்ப்புப் பொருள் ஊசியும் அதே வருஷம் அங்கே வந்தது. உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசி ஒருபுறம் இருக்கட்டும். குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சளி பிடித்த உறவினர் கொஞ்ச வந்தால், 'சரியானதும் வாங்களேன்' என்று சொல்லத் தயங்காதீர்கள். மூக்குத்துவாரம் விரிவது, மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, மூச்சு விட்டுவிட்டு வருவது... இதில் ஒன்று தெரிந்தாலும் கஷாயம், தைலம் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உறவினர் கோபம் நாலு நாளில் தீர்ந்துவிடும்!